வீட்டு இணையக் கம்பி ஏன் தடுமாறுகிறது?
(ஒரு செயல்முறைப் பாடம்)



குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, குழாயில் அடைப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எங்கே தண்ணீர் நின்றது என்று தெரிந்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். ஆனால் வீட்டில் இணையம் தடுமாறினால் மட்டும் இந்தப் பொறுமை நமக்கு இருப்பதில்லை. ரூட்டரை அணைத்துப் போடுகிறோம், நிறுவனத்தைத் திட்டுகிறோம், கடைசியில் புதிய ரூட்டர் ஒன்று வாங்கி வந்துவிடுகிறோம். அப்போதும் சரியாகாவிட்டால் "எங்கள் ஊர் நெட்டே இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

பெங்களூரில் அலுவலகங்களுக்குக் கணினிக் கம்பி இழுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கம்பி வழி வரும் இணையம் மெதுவாக இருந்தாலும், விட்டு விட்டு வந்தாலும், குற்றவாளி பெரும்பாலும் விலை உயர்ந்த பெட்டி அல்ல. சில ரூபாய் பெறும் ஒரு பிளக், மடங்கிய ஒரு கேபிள், ஒழுங்காகச் செருகப்படாத ஒரு முனை ஆகியவையே. அதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை போதும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்தப் பாடம். ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தொலைபேசியில் வழி சொல்லும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

சாந்திபுரத்து வீடு

வெறும் விதிகளாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே எங்கள் குடும்பத்தில் நடந்ததையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்து இருப்பது சாந்திபுரம். தமிழ்நாட்டு எல்லையும் கருநாடக எல்லையும் அருகருகே இருக்கும் பகுதி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்த்து மூன்று மொழி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பும் உள்ள ஊர்ப்பக்கம். படித்த பிள்ளைகள் குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்விடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

இந்தப் பகுதிக்கு இணையம் புதிதல்ல. 2002ஆம் ஆண்டிலேயே ஹியூலட் பேக்கார்டு நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பம் வட்டாரத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஊர்களில் கணினித் தகவல் மையங்களை அமைத்தன. பின்னர் ஆந்திர அரசு மின்கம்பங்களின் மீதே கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுசெல்லும் 'ஏ.பி. ஃபைபர்நெட்' திட்டத்தை வகுத்தது. 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதைத் தொடங்கி வைத்தார். பூமியைத் தோண்டாமல் மின்கம்பத்தைப் பயன்படுத்தியதால் செலவும் காலமும் குறைந்தன. இன்று தனியார் கேபிள்காரர்களும் அப்பகுதியில் ஃபைபர் கொடுக்கிறார்கள்.

என் அக்கா வீட்டிலும் ஃபைபர் இணைப்பு உண்டு. அக்கா மகளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை கிடைத்தது. கணினியை வைஃபையில் இணைக்காமல் கேபிளில்தான் இணைக்க வேண்டும் என்பது அந்த வேலையின் நிபந்தனை. முன்கூடத்தில் இருந்த ரூட்டரிலிருந்து மாடி அறைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் கேபிள் இழுத்தார்கள். அன்றிலிருந்து தொல்லை. அழைப்பு நடுவில் அறுந்துபோகும். கோப்பு பாதியில் நின்றுவிடும். மாலையில் இன்னும் மோசம். முதல் மாதத்திலேயே மேலதிகாரியிடமிருந்து எச்சரிக்கை வந்தது.

இணைப்பு கொடுத்தவரின் ஆள் வந்து ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று சோதித்தார். முழு வேகம் இருந்தது. "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்றார். கேபிள் இழுத்த எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. "என் பக்கம் சரியாக இருக்கிறது" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. அக்கா புதிய ரூட்டர் வாங்கினார்; பயனில்லை. "மாமா, நான் பெங்களூருக்கே வந்து ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன். வேலை போய்விடும் போல இருக்கிறது" என்று மருமகள் என்னிடம் சொன்னாள். வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்கள். அவள் ஊரில் இருப்பதையே அக்கா நம்பியிருந்தார். வேலைக்காக ஊரை விட்டு வந்த நமக்கு, ஒரு பிள்ளை ஊரிலேயே இருக்க வாய்ப்புள்ளபோது அது கைநழுவுவது எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

இனி பாடத்துக்கு வருவோம். நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவள் செய்த சோதனைகளை வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: வழியை மூன்றாகப் பிரியுங்கள்

தெருவிலிருந்து கணினி வரை இணையம் மூன்று பகுதிகளாக வருகிறது. முதலாவது, கம்பத்திலிருந்து வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டி வரை. இரண்டாவது, ஃபைபர் பெட்டியும் ரூட்டரும். (பல வீடுகளில் இவை இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும்.) மூன்றாவது, ரூட்டரிலிருந்து கணினி வரை உள்ள கேபிள். முதல் பகுதி நிறுவனத்தின் பொறுப்பு. மூன்றாவது பகுதி நம் பொறுப்பு. எந்தப் பகுதியில் பழுது என்று தெரியாமல் யாரைக் கூப்பிட்டாலும் அவர் "என் பக்கம் சரி" என்றே சொல்வார்.

முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'பான்' என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ கண்ணாடி இழையில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். இழை மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். அதை நாம் தொட வேண்டாம். நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதுதான். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் செல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சாந்திபுரத்து வீட்டில் 'பான்' பச்சை, 'லாஸ்' அணைந்திருந்தது. ஆகவே தெருப்பக்கம் நலம்.

இரண்டாம் படி: வேகக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

"100 என்று சொல்லிப் பணம் வாங்குகிறான், 12தான் வருகிறது" என்று சிலர் சண்டைக்குப் போவார்கள். நிறுவனம் சொல்வது வினாடிக்கு இத்தனை மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் காட்டுவது வினாடிக்கு இத்தனை மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். 12 வந்தால் குறை ஒன்றும் இல்லை, சரியாகவே வருகிறது. சண்டைக்கு முன் 8ஆல் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: குட்டைக் கேபிள் சோதனை

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு குட்டைக் கேபிளை, ரூட்டர் வாங்கும்போது பெட்டியில் வந்ததையே, எடுங்கள். கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நேரடியாக இணையுங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இணையம் எந்த வழியாக வருகிறது என்பதே தெரியாமல் போய்விடும். பிறகு வேகத்தைச் சோதியுங்கள்.

வேகம் சரியாக இருந்தால் ரூட்டரும் கணினியும் நலம். பழுது நீளக் கேபிளில். அப்போதும் மெதுவாக இருந்தால் ரூட்டரில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். அப்படியும் மெதுவாக இருந்தால் வேறு கணினியில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாது.

மருமகள் கணினியைக் கீழே தூக்கி வந்து குட்டைக் கேபிளில் போட்டாள். முழு வேகம் வந்தது. வழக்கு பாதி முடிந்தது. ரூட்டர் குற்றவாளி அல்ல. பழைய ரூட்டரும் குற்றவாளியாக இருந்திருக்காது. கணினியும் அல்ல. மிச்சம் இருப்பது அந்த 30 மீட்டர் கேபிள்தான்.

நான்காம் படி: 10, 100, 1000

கேபிளைச் செருகியவுடன் கணினியும் ரூட்டரும் தமக்குள் பேசி, எந்த வேகத்தில் செல்லலாம் என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அது 10, 100, 1000 மெகாபிட் என்ற படிகளில் அமையும். விண்டோஸ் கணினியில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க்' பகுதியில் 'ஈதர்நெட்' என்பதைத் தொட்டால் 'லிங்க் ஸ்பீடு' என்ற வரியில் இந்த எண் இருக்கும்.

ஈதர்நெட் என்ற இந்த முறைக்குத் தனி வரலாறு உண்டு. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். 1983இல் இது பொதுத் தரமாக வெளிவந்தது. 1995இல் 100 மெகாபிட் வேகமும், 1999இல் சாதாரணச் செம்புக் கேபிளிலேயே 1000 மெகாபிட் வேகமும் தரப்படுத்தப்பட்டன. நமக்கு வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள், அதாவது 1, 2, 3, 6 எண் ஊசிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும்.

ஆகவே 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால், ஏதோ ஓர் இணை சரியாகத் தொடவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். கேபிள் முழுவதும் செத்துவிடவில்லை. காலில் முள் குத்தியவனைப் போல நொண்டுகிறது. சில ரூட்டர்களின் துளைகளே 100 வரைக்கும்தான் செய்யப்பட்டவை. உங்கள் இணைப்பு 200 மெகாபிட் என்றால், அந்த ரூட்டரில் எந்தக் கேபிளைப் போட்டாலும் 95க்கு மேல் வராது. ரூட்டரின் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

சாந்திபுரத்து மாடியில் எண் சில நேரம் 100, சில நேரம் 10 என்று மாறிக்கொண்டிருந்தது. ஒப்பந்தமே நிலைக்கவில்லை.

ஐந்தாம் படி: ரூட்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள்

வேகம் போதிய அளவு இருந்தும் அழைப்பு அறுகிறதா? அப்போது 'பிங்' என்ற கட்டளை உதவும். விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கருப்புப் பலகையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். கணினி "இருக்கிறாயா?" என்று கேட்கும், ரூட்டர் "இருக்கிறேன்" என்று சொல்லும். கேபிள் வழியாக இந்தப் பதில் பெரும்பாலும் ஒரு மில்லி வினாடிக்குள் வந்துவிட வேண்டும். அனுப்பிய கேள்விகளுக்கெல்லாம் பதில் வர வேண்டும்.

இதன் பயன் என்ன? இந்தக் கேள்வியும் பதிலும் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஆகவே இங்கேயே பதில் தவறினால், பழுது வீட்டுக்குள்தான். நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளியுலகத் தளம் மட்டும் பதில் சொல்லவில்லை என்றால், அப்போது தைரியமாக நிறுவனத்துக்குப் புகார் செய்யலாம்.

இன்னொரு குறிப்பு: கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் துளையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாடியிலிருந்து ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். சில பதில்கள் வரவில்லை. ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டே கூப்பிட்டபோது இன்னும் பல தவறின. தவறிய ஒவ்வொரு துண்டையும் கணினி மறுபடி கேட்டு வாங்க வேண்டும். தவறுவது மிகும்போது கணினி தன் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். நூறில் சில தவறினாலே இணையம் நத்தையாகிவிடுவது இதனால்தான்.

எட்டு விளக்கும் எரிந்தும் ஏன் தடுமாற்றம்?

இப்போது புதிருக்கு வருவோம். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் எரிந்தனவே!

கேபிளை உரித்துப் பார்த்தால் உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாகக் கயிறு போல முறுக்கப்பட்டிருக்கும். ஆரஞ்சும் வெள்ளை-ஆரஞ்சும் ஓர் இணை. பச்சையும் வெள்ளை-பச்சையும் ஓர் இணை. அப்படியே நீலம், பழுப்பு. இந்த முறுக்கு அழகுக்காக அல்ல. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் கண்ட உத்தி இது. டிரங்க் கால் காலத்தில் நம் பேச்சுக்கு நடுவே வேறு யாரோ பேசுவது கேட்குமே, 'கிராஸ் டாக்' என்போமே, அந்தத் தொல்லையைக் குறைப்பதற்கான வழி. முறுக்கிய இரு கம்பிகளிலும் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஏறக்குறைய சமமாகவே படும். மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால், சமமான இரைச்சல் கழிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே செய்தியைச் சுமக்கும் இரு கம்பிகளும் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும்.

மருமகளிடம் பிளக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பிளக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஆனதால் உள்ளே வண்ணங்கள் தெரியும். வரிசை இப்படி இருந்தது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கண்ணுக்கு ஒழுங்கான வரிசைதான். இரு முனையிலும் இதே வரிசை. ஆனால் சரியான வரிசை வேறு:

1. வெள்ளை-ஆரஞ்சு
2. ஆரஞ்சு
3. வெள்ளை-பச்சை
4. நீலம்
5. வெள்ளை-நீலம்
6. பச்சை
7. வெள்ளை-பழுப்பு
8. பழுப்பு

நடுவில் உள்ள 4, 5 ஊசிகள் பழைய தொலைபேசிப் பிளக்கின் நடு இணையை ஒட்டி அமைந்தவை. அதனால் பச்சை இணை பிரிந்து, நீலத்துக்கு இருபுறமும் 3, 6 என்று உட்காருகிறது. எங்கள் அக்கா வீட்டுப் பிளக்கில் 3ஆம் ஊசிக்கு வெள்ளை-பச்சையும், 6ஆம் ஊசிக்கு நீலமும் போயிருந்தன. ஒரே செய்தியைச் சுமக்க வேண்டிய இரண்டும் வெவ்வேறு முறுக்கில்! இரைச்சல் கழியவில்லை, பக்கத்து இணையின் பேச்சும் உள்ளே கலந்தது.

டெஸ்டர் இதை ஏன் பிடிக்கவில்லை? அந்தச் சிறிய டெஸ்டர் 1ஆம் கம்பி மறுமுனையில் 1ஆம் இடத்துக்குப் போகிறதா, 2 போகிறதா என்று மட்டுமே பார்க்கும். போகிறது; விளக்கு எரிகிறது. யார் யாரோடு முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு மீட்டர்க் கேபிளில் இந்தப் பிழை வெளியே தெரியாமல் போகலாம். 30 மீட்டரில் தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியன் மின்கம்பி வேலையில் கெட்டிக்காரர். மின்சாரத்துக்குக் கம்பி போய்ச் சேர்ந்தால் போதும். இதற்கு அது போதாது. படத்தைக் காட்டி விளக்கியதும் உடனே புரிந்துகொண்டார். இரு முனையையும் வெட்டி, புது பிளக் இரண்டு போட்டு, சரியான வரிசையில் கிரிம்ப் செய்ய அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முறுக்கைப் பிளக்கின் வாய் வரை பிரிக்காமல் வைக்கும்படியும் சொன்னேன்; ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல் பிரிக்காமல் இருப்பது நல்லது.

லிங்க் ஸ்பீடு 1000 என்று நின்றது. ரூட்டரை 500 முறை கூப்பிட்டோம். 500 பதில்களும் வந்தன.

பிற குற்றவாளிகள்

எல்லா வீட்டிலும் வண்ண வரிசையே காரணமாக இருக்காது. நான் அடிக்கடி கண்டவற்றை இங்கே தருகிறேன்.

உடைந்த கொக்கி: பிளக்கின் மேலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் பிளக் துளையில் நிற்காது. மேசை அசைந்தால் இணைப்பு அசையும். பிளக்கை மாற்றுங்கள்.

போலிச் செம்பு: மலிவான கேபிள்களில் கம்பி முழுச் செம்பாக இல்லாமல், அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சாக இருக்கும். எளிதில் முறியும், நீளமாகப் போட்டால் குறி பலவீனமாகும். கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வாங்கும்போதே 'முழுச் செம்பு' என்று கேட்டு, 'கேட் 5-ஈ' அல்லது 'கேட் 6' வாங்குங்கள்.

மின்கம்பியோடு ஒரே குழாய்: மோட்டார், மிக்சி, ஏ.சி.க்குப் போகும் மின்கம்பியோடு இந்தக் கேபிளை ஒரே குழாயில் விடக் கூடாது. இது வேகத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு. தனிக் குழாய் வையுங்கள்; குறுக்கே கடக்க வேண்டுமானால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

கதவிடுக்கும் எலியும்: கதவுச் சந்தில் நசுங்கிய கேபிளும், எலி கடித்த கேபிளும் முழுதாய்ச் சாகாமல் உயிரை வாங்கும். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே முழு நீளமும் நடந்து பாருங்கள்.

அடாப்டர்: ரூட்டர் தானாக அணைந்து எரிந்தால், எல்லா விளக்குகளும் ஒன்றாக மறைந்து வந்தால், கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் மின் அடாப்டர் தளர்ந்திருக்கும். ரூட்டரில் குறித்துள்ள அதே வோல்ட், குறைந்தது அதே ஆம்பியர் உள்ள அடாப்டரைப் போடுங்கள்.

சுற்றிவந்த கேபிள்: ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே ரூட்டரிலோ சுவிட்சுப் பெட்டியிலோ செருகிவிட்டால், செய்தி வட்டமடித்து வீட்டு இணையம் முழுவதும் முடங்கிவிடலாம். குழந்தைகள் விளையாட்டாகச் செருகிவிடுவதுண்டு.

நீளம்: செம்புக் கேபிளுக்கு 100 மீட்டரே எல்லை. தோட்டத்து வீட்டுக்கு அதற்கு மேல் இழுத்தால் கண்ணாடி இழையைத்தான் நாட வேண்டும்.

இடி மின்னல் நேரத்தில் ரூட்டரின் மின் பிளக்கையும், கணினிக்குச் செல்லும் கேபிளையும் முன்கூட்டியே கழற்றி வையுங்கள். மின்னல் தொடங்கிய பிறகு போய்த் தொட வேண்டாம். மின்சாரத்தை மட்டும் அணைத்துவிட்டுக் கேபிளை விட்டுவைத்தால், செம்புக் கேபிள் வழியாகவும் அதிர்வு ஏறலாம்.

தொலைவிலிருந்து வழி சொல்லும்போது

ஊரிலிருக்கும் அப்பா அம்மாவிடம் "லேன் போர்ட்டைப் பாருங்கள்" என்று சொன்னால் அவர்கள் திகைத்துப் போவார்கள். "பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் துளையில் செருகியிருக்கிற நீலக் கயிறு" என்று சொல்லுங்கள். எதையும் கழற்றுமுன் பெட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும். 'ரீசெட்' என்ற சிறு துளையில் ஊசி விடாதிருக்கச் சொல்லுங்கள். அதை அழுத்தினால் நிறுவனம் பதிந்து வைத்த அமைப்புகள் அழிந்துவிடலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நல்ல குட்டைக் கேபிள் ஒன்றை வாங்கி ரூட்டரின் பக்கத்திலேயே கட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

முறை இதுதான்: விளக்கைப் பார், எண்ணை 8ஆல் வகு, குட்டைக் கேபிளில் போட்டுப் பார், லிங்க் ஸ்பீடு பார், ரூட்டரைக் கூப்பிடு, பிளக்கின் வண்ணம் பார். இந்த ஆறும் முடிந்த பிறகும் தீராவிட்டால் மட்டும் புதிய ரூட்டரைப் பற்றி யோசியுங்கள்.

என் மருமகள் ஹாஸ்டலுக்கு வரவில்லை. வேலை நிலைத்தது, மாடி அறையிலேயே தொடர்கிறாள். இப்போது சாந்திபுரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் நெட் தடுமாறினால் பிளக்கின் வண்ணத்தைப் பார்க்க முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த எலக்ட்ரீஷியனும் வண்ண வரிசையை ஓர் அட்டையில் எழுதித் தம் கருவிப் பையில் வைத்திருக்கிறார். நீங்களும் இந்தப் பக்கத்தை வெட்டி ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஊருக்கு ஒரு படி அனுப்பி வையுங்கள்.